மழையில் யார் பம்பு போடுவார்கள்?

மார்ச் 4
தொலைநோக்கி நிலையம்

குருவிக்கு,

ஜீப் கிளம்பப் போகிறது. ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். வாரத்துக்கு ஒரு தபால் பை. அதைத் தவறவிட்டால் அடுத்த வாரம்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "இந்தக் காலத்துல கடிதமா?" என்று வெளியே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இங்கே ஒரு செல்போனை எடுத்தால் போதும், வானத்திலிருந்து வருகிற மெல்லிய ரேடியோ அலைகள் ஆன்டெனாவுக்குக் கேட்காமல் போய்விடும் என்று எத்தனை பேருக்கு விளக்குவது? உனக்கு விளக்க வேண்டாம். நீ வந்த முதல் நாளே உன் கைக்கடிகாரத்தைப் பிடுங்கி வைத்தவள் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஆய்வகத்தின் இரண்டு வருட ஆராய்ச்சி இடத்துக்கு உனக்கான பரிந்துரைக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். இப்படிப்பட்ட கடிதத்தை உரியவளிடம் காட்டக்கூடாது என்பார்கள். எனக்கு வயிற்றில் எந்த ரகசியமும் தங்காது. முக்கியமான பகுதியை எழுதுகிறேன், படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஆடாதே:

"என்னிடம் பயிற்சி பெற்றவர்களில் இவர் மிகுந்த பொறுமைசாலி. கொடுத்த வேலையை முகம் சுளிக்காமல் செய்வார். ஒழுங்கும் பணிவும் உடையவர். எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார். மழைக்காலங்களில் எங்கள் ஆன்டெனாவைத் தொல்லைப்படுத்திய மின் இரைச்சலை நீக்கும் பணியில் பெரிதும் உதவினார். நிலையத்தில் இவரைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. எங்கு சென்றாலும் அந்த இடத்தின் குடும்பத்தில் ஒருவராகிவிடுவார்."

எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. உன்னோடு பயிற்சி பெற்ற நெட்டையனும் விண்ணப்பித்திருக்கிறான். அவனுக்கு இயக்குநர் எழுதியிருக்கிறார். இருவருக்கும் கிடைத்தால் நம் நிலையத்துக்கே பெருமை.

மழை பெய்தாலும் இப்போது ஆன்டெனா அமைதியாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது ஹாரன்.

அக்கா

*

மார்ச் 12

அக்கா, அக்கா, அக்கா!

உங்கள் கடிதத்தை அம்மா சத்தம்போட்டு எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பணிவா? இவளா? யாரையோ நெனச்சிக்கிட்டு எழுதிட்டாங்க" என்றான். அண்ணி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டால் தரமாட்டேன் என்கிறார்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு அறை வீடு, ஐந்து பேர். இஸ்திரி மேசைதான் என் படிக்கும் மேசை. அண்ணி துணி தேய்க்க வந்தால் நான் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பாதி யோசனை அந்த மேசையிலேயே சூடாகி ஆவியாகிவிடுகிறது. மாலையில் டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். மற்ற நேரமெல்லாம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடை. "உக்காருடி, தரை தேஞ்சிடப்போகுது" என்கிறார் அம்மா. நீங்கள் எனக்குக் குருவி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். மாமா தன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சி இடம் கிடைத்தால் வானம். கிடைக்காவிட்டால் மாமாவின் ஆபீஸ். "ஒரு தடவ உன் இஷ்டத்துக்கு விட்டாச்சு, இனிமே எங்க பேச்சக் கேளு" என்று அண்ணன் சொன்னபோது நானும் வீறாப்பாகச் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த நாக்கை என்ன செய்யலாம்?

ஆனால் கிடைத்துவிடும். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே.

குருவி

*

ஏப்ரல் 20

அக்கா,

கூப்பிடவில்லை.

நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. பதிலில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: "விண்ணப்பதாரர் சிறந்த உதவியாளராக விளங்குவார் என்று அறிகிறோம். இந்த இடம் தனித்துச் சிந்திப்பவர்களுக்கானது."

நெட்டையனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனே வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். நல்லவன், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறுதல் சொல்லத் தெரியாமல், "என்னை எப்படிக் கூப்பிட்டாங்கன்னே தெரியல" என்று இயக்குநர் தனக்கு எழுதிய கடிதத்தை எடுத்து நீட்டினான். அவருக்கும் வயிற்றில் எதுவும் தங்காது போலிருக்கிறது.

அதில் இருப்பதைச் சொல்கிறேன். "அசாத்தியமான மூளை. யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்பவர். இந்தத் துறையின் அடுத்த தலைமுறையை வழிநடத்தப் போகிறவர்." அக்கா, நெட்டையன்! டேட்டாவைச் சேமிக்காமல் கணினியை அணைத்துவிட்டு என்னிடம் ஓடிவருவானே, அதே நெட்டையன். யாரும் கேட்காத கேள்வி அவன் கேட்டது வாஸ்தவம்தான். "ஆன்டெனாவ ஏன் நிழல்ல வைக்கல?" என்று ஒருமுறை கேட்டான்.

அம்மாவிடம் கெஞ்சி, உங்கள் கடிதத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் கடிதத்தில் ஒரு விஞ்ஞானி இருக்கிறான். என் கடிதத்தில் ஒரு நல்ல பொண்ணு இருக்கிறாள். அண்ணி தோள்வழியாக எட்டிப் படித்துவிட்டு, "அப்படியே மருமகளா எடுத்துக்கலாம் போல இருக்கே" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இரைச்சலை நீக்கும் பணியில் உதவினார்." யாருக்கு உதவினேன் அக்கா? மூன்று வருடம் நிலையத்தில் எல்லோரும், நீங்களும் சேர்த்துத்தான், பக்கத்துத் தோட்டத்து பம்பு மோட்டார்தான் காரணம் என்று அந்த மனிதரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். மழை நாளில்தான் இரைச்சல் வருகிறது, மழையில் யார் பம்பு போடுவார்கள் என்று நான் கேட்டேன். எல்லோரும் என்னை முறைத்தீர்கள். சின்ன ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு மின்கம்பம் மின்கம்பமாக நனைந்து நடந்து, நம் நிலையத்துக் கம்பத்திலேயே கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டு, ஈரம் பட்டால் பொறி பறக்கிறது என்று கண்டுபிடித்தது யார்? இரைச்சல் என்று குப்பையில் போட்ட மூன்று வருட டேட்டாவைச் சுத்தம் செய்து மீட்க புரோகிராம் எழுதியது யார்? அதற்குப் பெயர் உதவியா?

அவனுக்கு யாரும் "முகம் சுளிக்கமாட்டான்" என்று எழுதவில்லை. அவன் சுளித்தால் அது சிந்தனை.

மாமா நேற்று ஆபீஸ் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதன் மேல் அண்ணன் மகன் பூனை வரைந்திருக்கிறான்.

பதில் எழுத வேண்டாம்.

குருவி

*

ஏப்ரல் 29

பதில் எழுத வேண்டாம் என்று நீ சொல்லி நான் கேட்க வேண்டுமா?

நான் எழுதியதில் ஒரு சொல் பொய்யா, காட்டு. நீ பொறுமைசாலி இல்லையா? கொடுத்த வேலையைச் செய்யவில்லையா? அன்பாகப் பழகவில்லையா? உள்ளதை எழுதியதற்கு இவ்வளவு வாய்.

நீ அந்தத் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். நீளமான மேசை, அதைச் சுற்றி ஆண்கள், ஓரத்தில் நான். கெட்டிக்காரப் பெண்ணின் கடிதம் வந்தால் முதல் கேள்வி என்ன தெரியுமா? "இந்தப் பொண்ணு அனுசரிச்சுப் போகுமா?" ஒரு பெண் மேலதிகாரியை எதிர்த்துப் பேசினாள் என்று ஒரு கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. "நமக்கெதுக்கு வம்பு" என்று காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். நானும் அங்கே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை, அது வேறு கதை. உன் கூரான அலகை மறைத்துத்தான் உன்னை அனுப்பினேன். உள்ளே போனபிறகு கொத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். என்னை இந்த நிலையத்துக்குள் நுழைத்த கடிதத்திலும் இதே சொற்கள்தான் இருந்தன. இதே பணிவு, இதே பொறுமை. நான் உள்ளே வந்துவிட்டேன், இல்லையா?

நீ நனைந்து நடந்தாயாம். அன்றைக்கு உனக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது யார் என்று கேட்க மாட்டேன். கேட்டால் சொல்லிக் காட்டியதாகிவிடும்.

காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. ஆன்டெனாவின் பேரிங் கிறீச்சென்று கத்துகிறது. எனக்கும் வேலை இருக்கிறது. எழுத வேண்டாம் என்றால் எழுதாதே.

அக்கா

*

மே 18

குருவிக்கு,

இது அலுவல் விஷயம்.

இயக்குநர் வேறு இடத்துக்கு மாறிப் போகிறார். அந்தப் பதவிக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். என்னிடம் பயிற்சி பெற்றவர் ஒருவர் என்னைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்பது விதி. நெட்டையனைக் கேட்டேன். "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, நான் கையெழுத்து போட்டுடறேன்" என்றான். அடுத்த தலைமுறையை வழிநடத்தப் போகிறவன் அல்லவா, வேலை அதிகம்.

உனக்கு விருப்பம் இருந்தால் எழுது. இல்லையென்றால் வற்புறுத்தவில்லை. நான் கொடுத்த கடிதத்துக்கு நீ பட்ட கடன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எடுபடாத கடிதம்.

ஒரு பக்கம் போதும்.

அக்கா

*

மே 25

அக்கா,

கோபம் தீரவில்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள், எழுதாமல் இருக்க நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஒரு பக்கம் கேட்டீர்கள், மூன்று பக்கம் வந்துவிட்டது. முழுவதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அனுப்பும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எனக்குப் பிடித்த பகுதி இது:

"எங்களுக்கெல்லாம் அவர் தாயைப் போன்றவர். யார் முகம் வாடியிருந்தாலும் முதலில் கவனிப்பவர் அவர்தான். அவர் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்லித் தருவார். ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை. அவர் இருக்கும் இடத்தில் வீட்டில் இருப்பதுபோல் உணர்வோம்."

குரல் விஷயத்தில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் நன்மைக்குத்தான்.

இங்கே செய்தி ஒன்றுதான். மாமா ஆபீஸில் ஜூலை முதல் தேதி சேரச் சொல்கிறார்கள். அண்ணன் எனக்கு ஒரு புதுக் கைப்பை வாங்கி வந்திருக்கிறான், ஆபீஸுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது. பாவம், ஆசையாகத்தான் வாங்கினான். அது ஆணியில் தொங்குகிறது. நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கும்போதெல்லாம் தோளில் இடிக்கிறது. டியூஷனில் ஒரு பெண், "மிஸ், நீங்க ஏன் இங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு எழுதியதையே திரும்ப எழுதினேன்.

குருவி

*

ஜூன் 1

அடி குருவி,

உன் மூன்று பக்கத்தைக் கட்டுப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். பெருமையாக ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியில் என் குரல் இறங்கிவிட்டது. நம் மெக்கானிக் இருக்கிறாளே, அவள் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "யாருக்கா இவங்க? ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே. எங்க வேலை பாக்குறாங்க?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அடக்க முடியாத ஆத்திரம் வந்துவிட்டது.

தாயைப் போன்றவளா! எனக்கு முப்பத்தெட்டு வயதுதான் ஆகிறது. யார் முகம் வாடினால் எனக்கென்ன? நான் விடுதி நடத்துகிறேனா? ஆன்டெனாவுக்கு என் கையால் பற்றவைத்து நான் கட்டிய ரிசீவர் எங்கே, உன் மூன்று பக்கத்தில்? வெளிநாட்டிலிருந்து வாங்குங்கள் என்று எல்லோரும் சொன்னபோது இல்லை, நானே செய்கிறேன் என்று நின்றேனே, அது எங்கே? போன வருடப் புயலில் மோட்டார் நின்றுபோய், ஆன்டெனா காற்றுக்குப் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டபோது, இயக்குநர் கீழே ஊருக்குப் போய் மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றார். "கேக்குறதுக்குள்ள சாஞ்சிடும், தள்ளுங்க!" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, நானும் மெக்கானிக்கும் கையால் சுழற்றிச் சுழற்றி அதை வானம் பார்த்து நிமிர்த்தினோம். நீ என் பக்கத்தில் நின்றாய். நான் போட்ட கத்தல் உன் காதில் விழவில்லையா? "ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை"யாம். என் நன்மைக்காம்.

இந்த இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது குருவி.

"உன் நன்மைக்குத்தான்" என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் என்னுடையது. பழைய கடிதத்தின் நகலை எடுத்து உன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பெயரை மட்டும் மாற்றினால் ஒன்றுக்கொன்று போட்டுக்கொள்ளலாம். நான் உன் அலகை மறைத்தேன், நீ என் தொண்டையை மறைத்தாய். இரண்டு பேரும் பாசத்தில்தான் செய்தோம். பாசம் இருந்து என்ன, அந்தக் கடிதத்தை நம்பி எவனும் ஒரு ஆன்டெனாவை நம் கையில் கொடுக்கமாட்டான்.

அனுசரித்துப் போவாளா என்று அவர்கள் கேட்டால் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு நானே முந்திக்கொண்டு பதில் எழுதிக் கொடுத்தேன் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. எனக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை, உனக்கு ஏப்ரலிலிருந்து எப்படி இருந்திருக்கும்!

இப்போது கவனி. பெரிய ஆய்வகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. நேர்காணல் செய்ததில் ஒரு இடம் நிரம்பவில்லை, பழைய விண்ணப்பங்களை மறுபடி பார்க்கப் போகிறார்கள். நேற்று ஜீப்பில் தொற்றிக்கொண்டு கீழே ஊருக்குப் போய், தபால் நிலையத்திலிருந்து குழுத் தலைவரான அம்மையாருக்குப் போன் செய்தேன். என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன், வேறு அனுப்புகிறேன் என்றேன். அந்த அம்மையார் பயந்துவிட்டார். "ஏன், அந்தப் பொண்ணு மேல ஏதாவது புகாரா?"

"பொண்ணு மேல ஒரு குறையும் இல்லைங்க. கடிதத்து மேலதான் குறை" என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அனுப்புங்க. சீக்கிரம்" என்றார்.

அனுப்பிவிட்டேன். இந்த முறை உனக்குக் காட்டமாட்டேன். உன் அம்மாவின் பீரோவுக்கு அது லாயக்குப்படாது. உன் மூன்று பக்கத்தையும் கிழித்துப்போட்டாயிற்று. எனக்கு வேறு எழுது. எனக்குக் காட்டாமல் நேரே அனுப்பு. மாமாவுக்கு இன்னும் பதில் சொல்லாதே.

அக்கா

*

ஜூன் 27

அக்கா,

கூப்பிட்டார்கள்! போயும் வந்துவிட்டேன். இன்னும் பஸ் ஓடிக்கொண்டே இருப்பதுபோல் உடம்பு ஆடுகிறது. உங்களுக்கு எழுதாமல் தூங்க முடியாது, இஸ்திரி மேசை இன்றைக்கு எனக்குத்தான் என்று அண்ணி தானே சொல்லிவிட்டார்.

நீங்கள் சொன்ன அதே நீளமான மேசை. ஆனால் நடுவில் அந்த அம்மையார். கையில் ஒரே ஒரு காகிதம். நான் தயார் செய்துகொண்டு போன எதையும் கேட்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பித்தார். நீங்கள் காட்டமாட்டேன் என்றீர்கள், அவர் காட்டிவிட்டார். ஒரு எழுத்து விடாமல் மனத்தில் இருக்கிறது:

"மூன்று வருடம் நான் ஒரு தவறைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிலையமே என்னோடு சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. இவள் வந்து ஒரே கேள்வியில் அதை உடைத்தாள். எல்லோர் முன்னாலும் உடைத்தாள். நான் கோபப்பட்டேன். அவள் நிறுத்தவில்லை. நான் தூக்கி எறிந்த டேட்டாவை அவள் மீட்டுக் கொடுத்தாள், அதில்தான் எங்கள் இந்த வருடக் கண்டுபிடிப்பு இருக்கிறது. இவள் அனுசரித்துப் போவாளா என்று கேட்காதீர்கள். போகமாட்டாள். நீங்கள் தவறாக இருந்தால் சொல்லிவிடுவாள். அதற்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்."

எனக்கு மேசை விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. அழுதுவிடுவேனோ என்று பயந்து உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டேன்.

ஓரத்தில் இருந்த ஒருவர், "அதென்ன அப்படி ஒரு கேள்வி?" என்றார்.

"மழையில யாரு சார் பம்பு போடுவாங்க?" என்றேன்.

முதலில் அம்மையார் சிரித்தார். பிறகு மேசை முழுவதும் சிரித்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் புரோகிராமைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். ஒரு இடத்தில் அந்த ஓரத்து மனிதர் சொன்ன கணக்கு சரியில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று நாக்கு தடுமாறியது. கடிதத்தில் அப்படி எழுதிவிட்டீர்களே, சொல்லாமல் வந்தால் உங்களைப் பொய்யாக்கியதாகிவிடும். சொல்லிவிட்டேன். அவர் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அது நல்ல "ம்"மா கெட்ட "ம்"மா என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கிளம்பும்போது அம்மையார் கேட்டார்: "இந்தக் கடிதம் எழுதுனவங்களுக்கு உங்க மேல இன்னும் கோபமா?"

"இருக்கும் மேடம். ஆனா அன்னைக்கு மழையில எனக்குக் குடை புடிச்சிக்கிட்டுப் பின்னாடியே வந்ததும் அவங்கதான். அவங்க முழுசா நனஞ்சிட்டாங்க" என்றேன். அதை ஏப்ரலில் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

முடிவு இன்னும் வரவில்லை. தபாலில் வரும், நிலைய முகவரிக்குத்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கே வந்தால் எனக்கு முன்னால் நான்கு பேர் பிரித்துவிடுவார்கள். ஆனால் மாமாவிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன், வரவில்லை என்று. அண்ணன், "கெடைக்கலன்னா?" என்றான். "கெடைக்கலன்னா மறுபடி போடுவேன்" என்றேன். கைப்பையை ஆணியிலிருந்து எடுத்து அண்ணிக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது.

அம்மா உங்கள் புதுக் கடிதத்தைக் கேட்டார். மனத்தில் இருந்தபடியே சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இப்படியா எழுதுவாங்க ஒரு பொண்ணப் பத்தி? அந்தப் பழைய கடிதமே இருக்கட்டும், நாளைக்கு வேற விஷயத்துக்கு ஆகும்" என்று பீரோவை மறுபடி பூட்டிவிட்டார்!

உங்களுக்கு எழுதியதைப் போன வாரமே நேரே அனுப்பிவிட்டேன். காட்டமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், புயல் இருக்கிறது, கத்தலும் இருக்கிறது.

குருவி

*

ஜூலை 6
தொலைநோக்கி நிலையம்

குருவிக்கு,

உறையைப் பிரித்துவிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். நிலைய முகவரியைக் கொடுத்தால் நிலையத்தில் இருப்பவள் பிரிப்பாள். மெக்கானிக் வேறு, "வெளிச்சத்துல காட்டிப் பாத்தா தெரியும்கா" என்று உயிரை எடுத்தாள்.

இடம் உனக்குத்தான்.

அடுத்த மாதம் சேர வேண்டும். கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் நீ தனியாகப் படி, அப்புறம் அம்மாவிடம் கொடு. ஓரத்து மனிதர் "ம்" என்றாரே, அவரிடம்தான் நீ வேலை செய்யப் போகிறாய். கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

என்னுடைய நேர்காணல் இன்னும் நடக்கவில்லை. உன் கடிதம் அவர்கள் கையில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். குழுவில் ஒருவர், "இவங்க கோபக்காரங்களாமே?" என்று நம் பழைய இயக்குநரிடம் விசாரித்தாராம். "ஆமா, அதனாலதான் ஆன்டெனா இன்னும் நிக்குது" என்று அவர் சொன்னாராம். கிடைக்குமோ கிடைக்காதோ. நானும் உன்னைப்போல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்க ஆரம்பித்திருக்கிறேன்.

உன் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். வந்த வாரத்திலேயே, நேற்று, எல்லோர் முன்னாலும் என் அளவீட்டில் பிழை இருக்கிறது என்று சொன்னாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டு, "உக்காரு, எங்கேன்னு காட்டு" என்றேன். அரை நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பிழை என்னுடையது இல்லை, அவளுடையதுதான். போகும்போது, "அப்போ போன மாசத்து அளவீட்டையும் பாக்கலாமா?" என்று கேட்டாள். அந்தத் திமிரை அப்படியே மனத்தில் குறித்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் அவளுக்கும் நான் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். கைக்கடிகாரத்தையும் இத்துடன் அனுப்புகிறேன், பிடுங்கி வைத்ததை மறந்தே போய்விட்டேன். ஓடவில்லை. அங்கே போய்ச் சரிசெய்துகொள்.

அக்கா